மணி அடித்ததும் விட்ட மூச்சு

கணையம் என்று ஓர் உறுப்பு நம் வயிற்றுக்குள் இருப்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதயம், நுரையீரல், குடல், ஈரல் என்பதோடு என் கணக்கு முடிந்துவிடும். ஈரலும் கசாப்புக் கடையில் தொங்குவதால்தான் தெரியும்.

நான் பயந்த ஆள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். சிலிண்டரை மூடினோமா என்று ஷிப்ட்டின் நடுவில் நினைப்பு வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. அப்படிப்பட்டவனே ஸ்கேன் மெஷினுக்குள் போய்விட்டு வந்தேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. நாளைக்கு உங்களில் யாராவது அந்தக் கட்டிலில் படுக்க நேர்ந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசுகிற கம்பெனியில் வேலை. ஸ்கூட்டர் பம்பர், சைக்கிள் ஹாண்டில்பார், பாத்ரூம் குழாய் எல்லாம் கறுப்பாக வரும், கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும். முலாம் ஏற்றுவதற்கு முன்னால் சரக்கை ஆசிட் தொட்டியில் முக்க வேண்டும். கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் மேலே எழும்புகிற புகை தொண்டையைக் கிழிக்கும். அதனால் முக்கும்போதே மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வோம். நேரம் முடிந்ததும் டைமர் மணி அடிக்கும். சரக்கைத் தூக்கி, முகத்தை இடப்பக்கம் ஜன்னலுக்குத் திருப்பி, உஸ்ஸென்று மூச்சை விடுவோம். முக்கு, அடக்கு, மணி, திரும்பு, ஊது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதுதான் என் பிழைப்பு.

வியாதி முதலில் கண்ணில் பட்டதும் அங்கேதான். அப்போதுதான் முலாம் ஏறி வந்த ஒரு பம்பரைத் துடைத்துத் தூக்கிப் பார்த்தேன். அதில் என் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. நிக்கல் தொட்டியில் என்னவோ கலந்துவிட்டது, மொத்தச் சரக்கும் போச்சு என்று பதறிப்போய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் பம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பம்பர் நல்லாத்தான் கீது. நீதான்யா மஞ்சளா கீற” என்றார்.

மஞ்சள் காமாலை என்று பேர் வைத்தாயிற்று. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தேன். உப்பை விட்டேன், எண்ணெயை விட்டேன். மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. எல்லாவற்றையும்விட அரிப்பு. ரத்தத்தில் பித்தம் சேர்ந்தால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது, தோலுக்கு அடியில் எறும்பு ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். என் மனைவி கன்னியம்மா தினமும் என் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள், சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது என்று. சொரசொரப்பான துண்டை நனைத்துப் பிழிந்து முதுகில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கை வலித்தாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். “தேய்க்கிறதுக்கு ஒரு பாத்திரம் கூட ஆயிடுச்சு, அவ்ளோதான்” என்பாள்.

தொழிலாளர் இன்சூரன்ஸ் இருந்ததால் அந்த வழியாகப் போய், கடைசியில் நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட வந்தவன் என் மச்சான் தேவராஜ். கரையான்சாவடியில் ஆட்டோ ஓட்டுகிறான். என் சிகிச்சை நடந்த நாட்களில் அவன் எத்தனை சவாரியை விட்டான், இன்சூரன்ஸில் வராத செலவுக்கு எங்கே போய்ப் புரட்டினான் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. கேட்டால், “உட்டுத் தள்ளு மாமே” என்பான்.

வயிற்றின் மேல் பசை தடவிப் பார்க்கிற ஸ்கேனில், பித்தக்குழாய் வீங்கியிருக்கிறது, கணையத்தின் தலையில் ஒரு கட்டி தெரிகிறது என்று வந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். வெள்ளை மீசை வைத்த சர்ஜன் ஒருவர். ஒரு சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

“இதுதான் இரைப்பை. இதுக்குப் பின்னாடி, முதுகெலும்புக்கு முன்னாடி, மீனைப் படுக்க வச்ச மாதிரி இருக்கறது கணையம். சாப்பாடு செரிக்கறதுக்கும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தறதுக்கும் இதுதான். இந்த மீனோட தலை வழியாத்தான் பித்தக்குழாய் குடலுக்குப் போகுது. உங்களுக்குத் தலையில கட்டி. குழாய் நசுங்கிடுச்சு. பித்தம் போக வழியில்ல, ரத்தத்துல ஏறுது. அதான் மஞ்சள்.”

“கட்டியை எடுத்துட்டா சரியாப் பூடுமா சார்?” என்று கன்னியம்மா கேட்டாள்.

அவர் பேனாவால் மீனின் தலைக்குப் பின்னால் தடிமனாக ஒரு கோடு இழுத்தார்.

“இது ஒரு பெரிய ரத்தக்குழாய். குடல்லேர்ந்து ரத்தத்தை எல்லாம் சேர்த்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோகுது. கட்டி இதுக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா எடுத்துடலாம். இதைச் சுத்திப் பிடிச்சிருந்தா கத்தி வைக்க முடியாது. ஒரு சின்ன டியூப் வச்சு மஞ்சளை மட்டும் இறக்கிவிடலாம்.”

“அப்புறம்?” என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். அப்புறம் என்று ஒன்று இல்லை என்று புரிந்துகொண்டேன்.

ஆக, என் உயிர் ஒரு இடுக்கில் இருந்தது. கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் இடுக்கு இருக்கிறதா, இல்லையா? முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். திறந்துவிட்டு, முடியாது என்று அப்படியே தைத்து அனுப்பியதும் உண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்த பழைய மெஷினில் அந்த இடம் தெளிவாக வரவில்லை. “வெளியில ஒரு ஸ்கேன் சென்டர்ல புது மெஷின் வந்திருக்கு. நிக்காம சுத்திக்கிட்டே படம் எடுக்கும். ரத்தக்குழாயை மட்டும் தனியா பிரிச்சு, உருட்டிப் பாக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல கொண்டாருவாங்க. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்றார் சர்ஜன்.

ஸ்கேன் சென்டரின் வரவேற்பு அறையில் குளிர் மெஷின் ஓடியது. வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் இருந்த பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்துவிட்டார். “என்னங்க பண்ணாங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்லப்பா. அடுப்புல ஏத்தின தோசைக்கல்லு மாதிரி மேல ஒரு சூடு வரும். ஒண்ணுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும். வந்திருக்காது” என்றார்.

இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காக அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூடு வந்தபோது எழுந்து ஓடியிருப்பேன்.

மெஷின் என்றால் நான் பயந்தது போல் குகை இல்லை. பெரிய வடை மாதிரி, நடுவில் ஓட்டை. அதற்குள் கட்டில் நகர்ந்து போகும். ஜோசப் என்கிற டெக்னீசியன் கையில் ஊசி குத்தி, அதை ஒரு பம்போடு சேர்த்தார். ரத்தக்குழாய்கள் படத்தில் வெளிச்சமாகத் தெரிவதற்கு ஒரு மருந்தை அந்த பம்ப் வேகமாக உள்ளே தள்ளும். மருந்து வயிற்றுப் பக்கம் வந்து சேருகிற நேரம் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அந்த நேரம் மூச்சு விடக் கூடாது. விட்டால் வயிற்றுக்குள் எல்லாம் மேலும் கீழும் நகரும்.

“மூச்சை நல்லா இழுத்து அடக்கிக்குவீங்களா?” என்றார் ஜோசப்.

“சார், அதான் சார் என் தொழிலே” என்றேன். அந்தக் கஷ்டத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அவர் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. மூச்சை இழுத்தேன், அடக்கினேன். சூடு கழுத்திலிருந்து இறங்கியது. பெரியவர் சொன்னது சரி. மெஷின் விர்ரென்று சுற்றியது, கட்டில் நகர்ந்தது, முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. வெளியே வந்து, “ஆடாம அசங்காம படுத்திருந்தேன்” என்று கன்னியம்மாவிடம் சொன்னேன்.

அடுத்து நடந்ததை எழுதவே கை வரவில்லை. படங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. சர்ஜன் அவற்றை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகு நேரம் பார்த்தார். கட்டி இருக்கிற மட்டத்தில் அந்தப் பெரிய ரத்தக்குழாய் ஒடிந்த மாதிரி தெரிகிறது, மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில் தொடர்ச்சி இல்லை என்றார். “கட்டி பிடிச்சிருக்கும்னுதான் தோணுது. முழு ரிப்போர்ட் இன்னும் வரல. உருட்டிப் பாக்கற படம் வந்ததும் சொல்றேன். மனசைத் தயார் பண்ணிக்கங்க.” இடையில் வீட்டுக்குப் போய்வரச் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பினோம். பாடி பஸ் ஸ்டாப் வந்ததும் தேவராஜ் டீக்கடையில் நிறுத்தினான். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டோ கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“இன்னாடா துடைக்கிற, ஓட்டை வியுந்துடப் போது” என்றாள் கன்னியம்மா. அவன் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், சிலிண்டரை எப்படி மூடுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்த சிலிண்டரைத் தினமும் மூடுகிறவளே அவள்தான். “இப்பிடி வலப்பக்கம் திருப்பணும், கேட்டுதா?” என்றேன். “கேட்டுது” என்று பொறுமையாகத் தலையாட்டினாள். நான் போன பிறகு என்ன ஆகும் என்று மனசுக்குள் நான் ஓட்டுகிற கணக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டொரு நாள் போயிருக்கும். பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு போன் வந்தது. ஸ்கேன் சென்டரில் இருந்து ஒரு பெண் டாக்டர் பேசுகிறாராம், உடனே வரச் சொன்னாராம். உடனே என்றால் கெட்ட சேதிதான் என்று நினைத்துக்கொண்டேன். தேவராஜ் ஆட்டோவைப் பறக்கவிட்டான்.

அந்த டாக்டர் சின்ன வயது. நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை, படத்தைப் பார்க்கிற டாக்டர். இருட்டாக்கிய ஓர் அறையில் பெரிய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்கார வைத்து, கன்னியம்மாவிடம் கேட்டார், “வெண்டைக்காய் நறுக்குவீங்கதானே?”

“இன்னாம்மா இப்பிடிக் கேட்டுட்டீங்க?”

“வட்ட வட்டமா நறுக்கினா ஒவ்வொரு வட்டத்துலயும் ஓட்டை ஓட்டையா இருக்கும். நறுக்கினதை எல்லாம் வரிசை மாறாம திரும்ப அடுக்கி வச்சா?”

கன்னியம்மா யோசித்தாள். “முழுக் காய். ஓட்டையெல்லாம் சேந்து நீட்டுக் குழா மாதிரி ஆயிடும்.”

“அதேதான். இந்த மெஷின் கத்தி இல்லாம உங்க வீட்டுக்காரர் வயித்தை வட்ட வட்டமா நறுக்குது. கம்ப்யூட்டர் அதைத் திரும்ப அடுக்குது. அடுக்கினா ரத்தக்குழாய் முழுசா எழுந்து நிக்கும்.”

பிறகு திரையைக் காட்டினார். கறுப்பில் வெள்ளையாக ஒரு மரம். அதுதான் என் ரத்தக்குழாய். அதற்குக் கிளைகள், கிளைக்குக் கிளைகள். என் வயிற்றுக்குள் இப்படி ஒரு மரமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அடிமரம் நடுவில் ஒடிந்து, மேல்துண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

“இது ஒடிஞ்சதை வச்சுதான் சர்ஜன் பயப்படறார். ஆனா இதைப் பாருங்க.” விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். “இது கல்லீரலோட விளிம்பு. அதே மட்டத்துல இங்கயும் படிக்கட்டு மாதிரி ஒடிஞ்சிருக்கு. இது சிறுநீரகம். இங்கயும். கட்டி இருக்கறது குழாய் பக்கத்துல. அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒரே கோட்டுல எப்படி ஒடிக்கும்? நறுக்கும்போது காய் நகர்ந்திருக்கு. நீங்க நடுவுல மூச்சு விட்டிருக்கீங்க.”

“இல்லம்மா” என்றேன். எனக்கு ரோஷமே வந்துவிட்டது. “மூச்சடக்குறதே என் பொழப்பு. சாமி சத்தியமா விடல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“விடலம்மா. எங்கம்மா மேல சத்தியமா...”

அப்போது மேஜை மேல் இருந்த போன் கிணிங் என்று அடித்தது.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா டாக்டரம்மா! போன் அடிச்சுது, மூஞ்சியத் திருப்பி உஸ்ஸுன்னு ஊதுச்சு பாத்தீங்களா? ஊட்லயும் இப்பிடித்தாம்மா. பால்காரன் மணி அடிச்சா ஊதும். ஐஸ்காரன் மணி அடிச்சா ஊதும். கோயில்ல கற்பூரம் காட்டிக்கினு மணி அடிப்பாரு அய்யரு, இது அந்தாண்ட திரும்பி ஊதிகினு கீது. ‘சாமிய ஏன்யா ஊதுற’ன்னு நானே கேட்டுக் கீறேன்.”

“நானா?” என்றேன்.

“நீதான். யாரு பின்ன?”

டாக்டரம்மா ஜோசப்பைக் கூப்பிட்டார். பம்ப் மருந்தைத் தள்ளி முடித்ததும் டிங் என்று ஒரு மணி அடிக்குமாம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது அடிக்கும். ஜோசப் அந்த நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், என்னைப் பார்க்க மாட்டார். மணி அடித்தது, சரக்கைத் தூக்கிவிட்டேன், முகத்தைத் திருப்பினேன், ஊதினேன். என் மூளைக்கே சொல்லாமல் உடம்பு தன் வேலையை முடித்துவிட்டது.

“அப்ப அந்தக் குழா ஒடியலையா டாக்டரம்மா?” என்று கன்னியம்மா கேட்டாள். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

“ஒடிஞ்சிருக்கான்னு இந்தப் படத்தை வச்சுச் சொல்ல முடியாது. பிடிச்சும் இருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். திரும்ப எடுக்கணும். மருந்தைச் சிறுநீரகம் வெளியேத்தணும், அதுக்குக் கொஞ்ச நாள் விடணும். சர்ஜன்கிட்ட நான் பேசறேன்.”

நான் இன்றைக்கும் நினைத்து ஆச்சரியப்படுவது இதைத்தான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இந்த மரத்தை எழுப்ப மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். அவர் காத்திருந்து எழுப்பியிருக்கிறார். எழுப்பியதும் குழாய் ஒடிந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சர்ஜன் கேட்டது குழாயைப் பற்றி. அவர் கல்லீரலின் விளிம்பையும் பார்த்தார். என்னை அவருக்கு முன்னேபின்னே தெரியாது.

அடுத்த சில நாட்கள் வீட்டில் பயிற்சி நடந்தது. நான் பாயில் மல்லாந்து படுத்து மூச்சை அடக்குவேன். கன்னியம்மா எதிர்பாராத நேரத்தில் தட்டில் கரண்டியால் டங்கென்று அடிப்பாள். நான் ஊதிவிடுவேன். ஊதக் கூடாது, ஊதக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். டங். ஊதிவிடுவேன். அவளுக்குக் கோபம் வந்து கரண்டியாலேயே என் காலில் ஒன்று போட்டாள். அதற்கும் ஊதினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, ஊட்ல பூஜையா? காலேலேர்ந்து மணி அடிச்சிகினே கீறீங்க?”

“ஆமா அண்ணாத்தே. சாமி மல்லாந்து படுத்துகினு கீது, வந்து கும்பிட்டுக்க” என்றாள் கன்னியம்மா.

சிரித்தோம், ஆனால் பயம் போகவில்லை. என் உயிர் தொங்குவது ஒரு மணிச் சத்தத்தில். அந்த மணி அடித்தால் நான் ஊதுவேன், நிச்சயம் ஊதுவேன். கடைசியில் வழி சொன்னவள் அவள்தான்: “கேட்டாத்தானே ஊதுவ? கேக்காம பண்ணிட்டா?”

இரண்டாம் தடவை போனபோது அவள் முந்தானை முடிச்சில் பஞ்சு இருந்தது. பம்பின் மணியை நிறுத்த முடியாதா என்று ஜோசப்பிடம் முதலில் கேட்டோம், முடியாது என்றார். பஞ்சைக் காட்டினோம். “காதை அடைச்சிட்டா நான் ஸ்பீக்கர்ல சொல்றது எப்படிக் கேக்கும்?” என்றார். பிறகு அவரே யோசித்து, “கண்ணாடி வழியா என் கையைப் பாருங்க. கையைத் தூக்கினா இழுத்து அடக்குங்க. கை மேல இருக்கற வரைக்கும் விடாதீங்க. இறக்கினா விடுங்க” என்றார். படம் ஓடும்போது திரையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை வைத்துவிட்டு, அவர் எனக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க ஒப்புக்கொண்டார்.

கன்னியம்மா என் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி அடைத்தாள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோசப்பின் கை மேலே போனது. இழுத்து அடக்கினேன். சூடு இறங்கியது. மெஷின் சுற்றுவது காதில் விழவில்லை, முதுகில்தான் அதிர்ந்தது. அந்தக் கையையே பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட முழுக்கை, மணிக்கட்டில் கறுப்புப் பட்டைக் கடிகாரம். மணி எப்போது அடித்தது என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு வெடித்துவிடும் போல வந்தது. கை இறங்கவில்லை. கை இறங்கவில்லை. கை இறங்கியது.

அன்றைக்கே அந்த டாக்டர் எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார். மரம் எழும்ப வெகு நேரம் ஆகும் என்று தெரிந்தும் யாரும் சாப்பிடப் போகவில்லை. கூப்பிட்டு உள்ளே போனபோது திரையில் அடிமரம் முழுசாக நின்றது. வேரிலிருந்து கிளை வரை ஓர் ஒடிசல் இல்லை. அவர் ஒரு பட்டனைத் தட்ட, மரம் மெல்லத் திரும்பியது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். என் வயிற்றை யாரும் தொடாமல், என் முதுகுப் பக்கத்திலிருந்து நான் என்னைப் பார்த்தேன். கணையத்தின் தசை சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பொதி மாதிரி. அதன் தலையில் கொஞ்சம் கறுத்து ஒரு உருண்டை. உருண்டைக்கும் மரத்துக்கும் நடுவில் அவர் விரல் நகத்தை வைத்தார்.

“இந்தக் கறுப்புக் கோடு தெரியுதா? இது கொழுப்பு. சன்னமா இருக்கு, ஆனா மேலேர்ந்து கீழ வரைக்கும் விடாம இருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்கு. கட்டி குழாயைத் தொடல.”

அந்த இடுக்கை நான் பார்த்தேன். தலைமுடி பருமன்கூட இருக்காது. கன்னியம்மா கையெடுத்துத் திரையைக் கும்பிட்டாள். பிறகு டாக்டரை. பிறகு வாசலில் நின்ற ஜோசப்பை. அவர் சங்கடப்பட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சொல்லிக் கேட்டதுதான். மஞ்சள் ஏறினவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாதாம், அதற்கு முன்கூட்டியே ஊசிகள் போட்டார்கள். கணையத்தின் தலை, பித்தப்பை, குடலில் ஒரு துண்டு எல்லாவற்றையும் எடுத்து, மிச்சத்தைத் திரும்பச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். காலையில் உள்ளே போனவனைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். சர்ஜன் தேவராஜிடம், “படத்துல பாத்த மாதிரியே இருந்துச்சுப்பா. எந்த இடத்துல குழாய் வரும்னு தெரிஞ்சே போனேன்” என்றாராம். எடுத்த கட்டியைப் பரிசோதித்தார்கள். புற்றுதான், ஆனால் மெதுவாக வளர்கிற வகை, முழுசாக வந்துவிட்டது என்றார்கள். இப்போது அரிப்பு இல்லை. சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுகிறேன். கம்பெனியில் என்னைத் தொட்டிப் பக்கம் விடுவதில்லை, பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். செக்கப்புக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் முந்தின வாரமே பயந்து சாகிறேன். அது மாறவில்லை, மாறாது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை எனக்கு நினைவில் இல்லை. கன்னியம்மா சொல்லித்தான் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே அவள் நின்றிருக்கிறாள். உள்ளே நான், மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் இரண்டு, கையில் ஒன்று. கண் மூடிக் கிடந்தேனாம். தட்டிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நான் பதில் சொல்லவில்லை. மயக்கம் தெளிய நேரமாகும், போய் ஏதாவது சாப்பிடும்மா என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அவள் நகரவில்லை.

பக்கத்தில் ஏதோ பாட்டில் தீர்ந்து, மெஷின் டிங் என்று அடித்திருக்கிறது.

கன்னியம்மா கதவைத் தட்டினாள். “சிஸ்டர், சிஸ்டர்! ஆளு வந்துட்டாரு!”

நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். “கண்ணே தொறக்கலியேம்மா. எப்படிச் சொல்றீங்க?”

“மணி அடிச்சுது, அந்தாண்ட திரும்பி ஊதிட்டாரு” என்றாளாம்.